விரலைக் கடத்திய வரைபடம்

ஒரே ஒரு ஊரிலே, இருந்ததோ இல்லையோ, ஃபெஸ் நகரத்துப் பழைய சந்து ஒன்றிலே, பூஷ்தா என்றொரு விடுதிக்காரர் கோபமாக இருந்தார். அவர் எப்போதுமே கோபம்தான். இந்த முறை காரணமும் இருந்தது. விடுதியில் ஐந்து அறை. ஒரு மாதமாக ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

“நம்ம இணையப் பக்கத்தை ஆயிரம் பேர் பாக்கறான். ஒருத்தனும் அறை கேக்கல. திருட்டுப் பயலுக!”

“அவங்க என்ன பண்ணுவாங்க?” என்றாள் மனைவி தூரியா, வெள்ளிக்கிழமைக்கென்று வேகவைத்த கோதுமை ரவைக் குஸ்குஸை ஆவி பறக்க உதிர்த்தபடி. “பதிவு பண்ற பொத்தான் உங்க வரைபடத்துக்குக் கீழ கிடக்கு. பக்கத்தைத் தள்ளலாம்னு விரல் வெச்சா, படம் விரலைப் பிடிச்சுக்குது. பக்கம் நகரல, படம்தான் ஓடுது. அறை கேட்டு வந்தவன் நடுக்கடல்ல மிதக்கறான்.”

“அது நான் சந்து சந்தா குறிச்ச படம்டி!”

“அதைப் பாத்து எவன் நம்ம வாசலுக்கு வந்திருக்கான்? எல்லாரையும் நீங்கதானே கோட்டை வாசலுக்குப் போய்க் கூட்டியாறீங்க? படத்து மேல ஒரு கண்ணாடித் திரை போடுங்க. தட்டினா மட்டும் முழிக்கட்டும்.”

பூஷ்தாவுக்கு மீசை துடித்தது. “என் படத்துக்கு முக்காடா? அல்லாஹ் மேல ஆணை, போட விடமாட்டேன்!”

“சரிங்க. அப்ப எனக்கு ஒரே ஒரு அறை பதிவு பண்ணிக் காட்டுங்க.”

கைபேசியைப் பிடுங்கினார். கட்டைவிரலால் தள்ளினார். படத்தில் மாலி நாடு வந்தது. அழுத்தித் தள்ளினார். கினி வளைகுடா. மூன்றாவது தள்ளலில் தென்துருவம்.

“நில்லுடா சனியனே!” அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடிப் புறாக்கள் பறந்தன. “திரையைப் போட்டுத் தொலைடி!”

“ஐயோ, நான் கை வைக்க மாட்டேம்ப்பா. ஆணை இருக்கே. நான் சொல்றேன், நீங்களே தட்டுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். படம் அடங்கிப் படுத்தது. பக்கம் வெண்ணெயாய் வழுக்கி இறங்கியது. ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் திரும்புவதற்குள் மூன்று அறை பதிவாகியிருந்தது.

“பாத்தியா, என் கைராசி!” என்று சாப்பிட உட்கார்ந்தார்.

“கைராசிதான். ஆணையை முறிச்ச கையும் அதுதான். பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு போடணும், காசிருக்கா?”

“...இல்ல.”

“அப்ப அதுக்குப் பதிலா நாளையிலேர்ந்து மூணு நாள் நோன்பு.”

அவர் முன்னால் குஸ்குஸ் மலைபோல வந்து இறங்கியது.

“இவ்வளவு எதுக்குடி?”

“நீங்க ஆணையிடுவீங்கன்னு தெரியும். மூணு நாளைக்கும் சேர்த்துக் காலையிலேயே வேக வெச்சுட்டேன்,” என்று சொல்லிவிட்டு தூரியா உள்ளே போனாள்.