நிச்சயமாகத் தெரியுமா?

மெய்யியல் படிப்பவர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. பெரிய பல்கலைக்கழகங்களில் இவர் கூட்டத்தோடு கலந்துவிடுவார். சின்னஞ்சிறு கலைக் கல்லூரியில்தான் முழு வளர்ச்சி பெறுவார். கண்டுபிடிப்பது சுலபம். சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டவர் ஆமாம் என்பார், பசித்தவர் இல்லை என்பார். இவர் மட்டும் கண்ணை மூடி, "சாப்பிட்டீங்களான்னா, அந்த நீங்க யாரு?" என்பார்.

பூனாகலைத் தயாபரன் அப்படித்தான் ஆனார். பண்டாரவளையில் ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்து முதல் தவணைப் படிப்பு முடிவதற்குள் தாடி வந்தது, பெருமூச்சு வந்தது, எங்கே இறங்கணும் என்று பஸ் கொண்டக்டர் கேட்டால் பதிலுக்கு முன் ஒரு நீண்ட மௌனமும் வந்தது. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் எதையும் நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் நாளைக்கு வெயிலடிக்கும் என்றால், இத்தனை நாள் விடிந்ததால் நாளையும் விடியும் என்று என்ன நிச்சயம் என்பார். கறியில் உப்புக் கூடிவிட்டதா என்று தாய் வேலாயி கேட்டால், உப்பு இருப்பது கறியிலா நாக்கிலா என்பார். வேலாயி சட்டியை மூடிவிடுவார். தந்தை நல்லையா மட்டும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பேசுவது அவருக்கு ஏறவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஏறியிருந்தது.

கார்த்திகை மழையில் லயத்துக்கு மேலே மலையில் மண் வெடித்தது. பாடசாலைக்குப் போங்கள் என்று கிராம சேவகர் வந்து சொன்னதும், மலை சரிந்து லயங்களையே மூடிய மீரியபெத்தையை மறக்காத சனம், பிள்ளைகளையும் பாய்களையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வேலாயியும் போனார். நல்லையா போகவில்லை. முன்பொரு முறை இப்படிப் போய், பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையில் மாதக்கணக்கில் படுத்தெழுந்தவர் அவர். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

தயாபரன் நனைந்தபடி திரும்பி வந்தார். "அப்பா, வாங்க. மண்ணு எறங்கப்போகுது."

"எறங்கும்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தயாபரனுக்கு, சொல்ல வெட்கம், முதலில் பெருமையாக இருந்தது. தோட்டத்தில் ஒருவருக்காவது அடிப்படை விளங்கிவிட்டதே! நிச்சயமில்லைதான், ஆனால் சாத்தியம் உண்டு என்றார். சாத்தியத்துக்கெல்லாம் எழுந்து ஓடினால் மனிதன் எப்போதுதான் உட்காருவது என்று கேட்டார் நல்லையா. அருமையான கேள்வி. தயாபரன் வாசற்படியில் குந்தி, தாடியைத் தடவி, சாத்தியங்களை வகை வகையாகப் பிரிக்கத் தொடங்கியபோது பின்சுவர் வயிறு தள்ளியது. அதற்கப்பால் ஏதோ பெரிய மரம் முறிந்தது.

வாதம் அந்த இடத்திலேயே நின்றது. தயாபரன் தந்தையைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். விடுடா, நானே வாறேன் என்று நல்லையா முதுகில் குத்தினார். விடவில்லை. சேற்றில் வழுக்கி, முழங்கால் கிழிந்து, சிறுபிள்ளைபோல் அழுதுகொண்டே ஓடினார். ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவர்களுடைய காம்பராவின் மேல் மலை உட்கார்ந்திருந்தது. மகனுடைய கையைப் பிடித்த நல்லையா, பாடசாலை வரும்வரை அதை விடவில்லை.

இதோடு நோய் தீர்ந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மண்டபத்தில் வேலாயி தேத்தண்ணியோடு வந்து, மகனின் தலையைத் துவட்டியபடி, எப்படிய்யா இவரத் தூக்கிட்டு வந்த என்று கேட்டார்.

தயாபரன் கண்ணை மூடினார். "தூக்கினது நானா, இல்ல என்னோட பயமா? அதத்தாம்மா யோசிக்கிறேன்."

வேலாயி தேத்தண்ணியை நல்லையாவிடம் கொடுத்துவிட்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, வாசகரே. நல்லது. ஆனால் நல்லையா கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று நடுவில் ஓரிடத்தில் நின்று தலையாட்டினீர்களே, அப்போது சுவர் நகர்ந்துகொண்டிருந்தது.