அரைக் கண்டெய்னரும் ஒரு சாய்வு நாற்காலியும்

இந்த ஒரு தடவையாவது வீட்டுக்காரியை ஜெயித்தே தீருவது என்று பல் டாக்டர் சபதம் எடுத்தபோது, அவருடைய இரண்டு விரல்கள் ஒரு பேங்க் மேனேஜரின் கடைவாய்க்குள் இருந்தன. சபதத்தின் வேகத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டார். மேனேஜர் அலறினார். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் டாக்டர். ஒன்றும் முடியவில்லை. அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள்.

எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இவர் "வாயைத் திறங்க" என்றால் திறக்க வேண்டும், "மூடுங்க" என்றால் மூட வேண்டும். வீட்டிலும் அதே உத்தரவுகள் உண்டு. ஆனால் வாங்கிக்கொள்கிறவர் டாக்டர். அதிலும் முதல் உத்தரவு வருவது அபூர்வம்.

விஷயம் இதுதான். கடல் தாண்டி ஒரு தேசத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு வேலை கிடைத்திருந்தது. சாமான்களைக் கப்பலில் ஏற்றும் செலவு அவர்களுடையது. ஆனால் அரைக் கண்டெய்னர்தான் தருவார்கள். மற்றப் பாதியில் முன்பின் தெரியாத யாருடைய குடித்தனமோ வரும். கட்டில், மெத்தை, பாத்திரம், டீச்சரம்மாவின் புத்தகமூட்டை எல்லாம் போக, பெரிய சாமான் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

டீச்சரம்மா என்றால் வேறு யாருமில்லை, அவருடைய வீட்டுக்காரிதான். நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். "வயித்த வலிக்குது டீச்சர்" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், வலிப்பது வயிறா வாய்ப்பாடா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்த ஒற்றை இடத்துக்குப் போட்டி இரண்டு பேர். ஒன்று, மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்கு அலமாரி. வீட்டுக்குள் அதைக் கொண்டுவர ஜன்னலையே பெயர்க்க வேண்டியிருந்தது. "உங்கப்பா கொடுத்தது சொத்தா, சொத்தையா?" என்று டாக்டர் ஒரு தடவை கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க ஓட்டலில் சாப்பிட்டார்.

மற்றது அவருடைய சாய்வு நாற்காலி. பகல் முழுக்க ஊர் ஜனங்கள் அவருக்கு முன்னால் சொகுசாக மல்லாந்து கிடக்க, இவர் கூன் போட்டு நின்றுகொண்டே இருப்பார். இடுப்பு இரண்டாகிவிடும். வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் சாய்ந்தால்தான் உயிர் திரும்பும். அதில் கண்ணை மூடினால் காதும் கூடவே மூடிக்கொள்ளும். குழாய் ஒழுகுவது, காஸ் தீர்ந்தது, எதுவும் எட்டாது. அது இல்லாத தேசத்தில் எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்தாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது.

அதற்காகத்தான் திட்டம் போட்டார். அந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதற்கு நேர்மாறானதுதான் நடக்கும். பச்சைப் பெயிண்ட் என்றால் நீலம். மலைக்குப் போகலாம் என்றால் கடற்கரை. ஆக, நாற்காலி வேண்டுமென்றால் அலமாரி என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் இத்தனை வருஷம் வீணாகப் போயிற்றே என்று வருத்தப்பட்டார். ஏமாந்த முகம் எப்படிக் காட்டுவது என்று கிளினிக்கில் ஒத்திகைகூடப் பார்த்தார். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி அது. மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் டீச்சரம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏங்க, என்ன முடிவு பண்ணீங்க? நாளைக்கு அந்தக் கப்பல் கம்பெனிக்காரர் அளக்க வராரு."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? அலமாரிதான்."

கத்தி நின்றது.

"என்னது?"

"அலமாரிதான் போகணும். உங்கப்பா ஆசையாக் கொடுத்தது. இந்த மாதிரித் தேக்கு அந்த ஊர்ல தவம் கிடந்தாலும் கிடைக்காது."

"அப்ப உங்க நாற்காலி?"

"கிடக்குது கழுதை! ஆணியெல்லாம் ஆடுது. யாருக்காவது தூக்கிக் கொடுத்துடு."

சட்டப்படி இப்போது டீச்சரம்மா, "உங்களுக்கு என்னிக்குத்தான் விவரம் பத்தியிருக்கு? பேசாம நாற்காலிய எடுத்துட்டு வாங்க" என்று சீறியிருக்க வேண்டும். டாக்டர் ஏமாந்த முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். டீச்சரம்மா சீறவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா உருக்கமா என்று தெரியவில்லை.

"எங்கப்பாவப் பத்தி இப்படி ஒரு நல்ல வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்ததே இல்லைங்க."

"அது வந்து... நீ என்ன நினைக்கிற, அதைச் சொல்லு."

"நான் நினைக்க என்ன இருக்கு? உங்க பேச்சுதான்."

"நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்."

"மாட்டேன்."

"சும்மா எதிர்த்தாவது பேசேன்!"

"நீங்க சொன்னா சொன்னதுதான். இந்த வீட்டுக்கு நீங்கதானே பெரியவரு?"

இந்தச் செய்தி டாக்டருக்கே புதிது. அவர் வாயை மூடுவதற்குள் டீச்சரம்மா போனை எடுத்துவிட்டார். "அப்பா, உங்க மாப்பிள்ளை என்ன சொன்னாரு தெரியுமா?" என்று தொடங்கி, தேக்கு, ஆசை, தவம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போனை டாக்டர் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மாமனார் மூக்கைச் சிந்தினார்.

"மாப்ள, உங்கள நான் ரொம்பத் தப்பா நினைச்சுட்டேன்."

இனி வாபஸ் வாங்க முடியுமா? நுணலும் தன் வாயால் கெடும். மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவருக்கும் அதே கதிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் கப்பல் கம்பெனி சூப்பர்வைசர் அளவு நாடாவோடு வந்தார். அவருடைய வலது கன்னம் பலாக்கொட்டையை அடக்கி வைத்த மாதிரி வீங்கியிருந்தது. அலமாரியை மேலும் கீழும் அளந்தார். நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. 

"ஏங்க, பாவம், அவரு கன்னத்தப் பாருங்க" என்றார் டீச்சரம்மா. "சோறு தண்ணி இறங்கலையாம். ஒரு பார்வை பாத்து அனுப்புங்களேன். நான் மாடி வீட்டம்மாகிட்ட ஒரு எட்டு பேசிட்டு வந்துடறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அதுவும் நழுவி வாயில் விழுந்தது. டீச்சரம்மா படியேறும் சத்தம் ஓய்ந்ததும், டாக்டர் அந்த மனிதரை அந்த நாற்காலியிலேயே சாய்த்து, டார்ச்சை அடித்தார்.

"ஆ காட்டுங்க. ம்ம், கடைப்பல். எடுத்துடலாம். கிளினிக்குக்கு வாங்க, ஒரு பைசா தர வேணாம். எனக்கும் ஒரு சின்ன உதவி பண்ணணும்."

திறந்த வாயோடு அவர் தலையாட்டினார்.

"அலமாரி உள்ள காலியாத்தானே போகுது? இந்த நாற்காலிய நாலு ஸ்க்ரூ கழட்டினா கட்டை கட்டையா வந்துடும். அதை உள்ள வெச்சு மேல போர்வையச் சுத்திக் கட்டிடுங்க. வீட்டுல மூச்சு விடக் கூடாது. சரியா?"

தலையாட்டினார்.

"சத்தியமா?"

மறுபடியும் ஆட்டினார். டார்ச்சு பல்லில் இடித்தது.

அன்றைக்கே டாக்டர் அந்தப் பல்லைப் பூப்போலப் பிடுங்கினார். நன்றிப் பெருக்கில் பக்கத்துப் பல்லையும் அடைத்து, மொத்த வாயையும் துலக்கி அனுப்பினார். அடுத்த நாள் சூப்பர்வைசர் தன் தம்பியையும் கூட்டிவந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தம்பியும் வரும்போதே தலையாட்டிக்கொண்டுதான் வந்தார். அவருக்கும் சும்மாவே பார்த்தாயிற்று.

சாமான் ஏற்றிய நாளன்று டாக்டர் கிளினிக்கைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பினார். கூடத்தில் அலமாரியும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

"ஏங்க, நாற்காலி போச்சேன்னு கஷ்டமா இருக்கா?"

"சேச்சே! மரக்கட்டைதானே" என்று ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சு நன்றாகவே வந்தது.

புது தேசத்தில் வெறும் வீடு. கப்பல் ஆடி அசைந்து வருகிறவரை, தினமும் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார் டாக்டர். இடுப்பு கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏங்க, பாக்கவே பாவமா இருக்கு. நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கிடலாமா?"

"வேணாம் வேணாம்! எதுக்கு வீண் செலவு?"

"நிஜமாவா?"

"எனக்கு நாற்காலியே வேணாம்னு சொல்றேன்ல?"

"சரி, உங்க இஷ்டம். அப்ப அந்த ஜன்னலோரத்துல எனக்கு ஒரு எழுதற மேஜை போட்டுக்கறேன்."

தாராளமாகப் போட்டுக்கொள் என்றார் டாக்டர். மேஜையும் வந்தது.

ஒருவழியாக அலமாரி வந்து இறங்கியது. தூக்கி வந்தவர்களுக்கு டீச்சரம்மா குடிக்கத் தண்ணீர் கொடுக்கப் போன சமயம் பார்த்து, டாக்டர் கதவைத் திறந்தார். மேலே போர்வை. ஆகா! போர்வையை இழுத்தார். கீழே தலையணை. அதற்குக் கீழே இன்னொரு தலையணை. அப்புறம் குக்கர். அப்புறம் நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள். தலையை உள்ளே விட்டு, ஆடுகிற பல்லைத் தட்டுவதுபோலப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க தேடறீங்க?"

தலை மேல்தட்டில் இடித்தது.

"ஒண்ணுமில்ல. தேக்கு... நல்லாத்தான் இருக்கு."

"நாற்காலி நம்ம ஊர்ல மாடி வீட்டுக்காரர்கிட்ட பத்திரமா இருக்குங்க. உட்கார்ந்தா மனுஷன் எழுந்திருக்கவே மாட்டேங்கறாராம். அவங்க வீட்டம்மா என்னைத் திட்டித் தீக்கறாங்க."

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. மானம், மரியாதை, மாமனார் எல்லாவற்றையும் மறந்தார்.

"அந்த ஆளு சத்தியம் பண்ணித் தலையாட்டினானே! அவன் பல்லைச் சும்மா பிடுங்கி விட்டேனே!"

"நாற்காலிய மாடிக்கு ஏத்தினதுக்கு அதுதாங்க அவருக்குப் பேசின கூலி. 'சார் தனியா கூப்பிட்டு ஏதாவது கேப்பாரு, தலைய மட்டும் ஆட்டுங்க, பல்லைச் சும்மாவே பாத்து விட்டுடுவாரு'ன்னு நான்தான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்."