பூட்டு சார் போட்ட பாஸ்வேர்டு

நெய்வேலி டவுன்ஷிப்பில் பூட்டு சார் பூட்டாமல் விட்டது சுரங்கத்தை மட்டும்தான். அதுவும் அந்த அளவுக்குப் பூட்டு கிடைக்காததால்.

ஸ்கூட்டருக்கு இரண்டு பூட்டு. குடைக்குச் சங்கிலி. பண்ருட்டி முந்திரி வைத்திருக்கும் டிபன் டப்பாவுக்குக் குட்டிப் பூட்டு. கம்பெனி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினால் சாவிக்கொத்துதான் முதலில் அலுவலகத்துக்குள் வரும்.

"யாரு சார் உங்க முந்திரியத் திருடப் போறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பூட்டி வச்சிகினு இருக்கறதாலதானேம்மா யாரும் திருடல?"



அங்கே நெட்வொர்க் வேலையில் நான் கான்ட்ராக்ட், அவர் பெர்மனென்ட். கணினிகளையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி அவர் பொறுப்பு. அதன் பின்புறம் கன்சோல் என்று ஒரு சின்ன போர்ட் உண்டு. நெட்வொர்க் படுத்துவிட்டாலும் அதில் கேபிளைச் செருகி, லேப்டாப் வழியாக உள்ளே போகலாம். சுருக்கமாகச் சொன்னால், பெட்டியின் கொல்லைக் கதவு. கதவு என்று தெரிந்த பிறகு பூட்டு சார் சும்மா இருப்பாரா? ஆனால் என்ன பூட்டுப் போட்டார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில், ஒருநாள் எங்கள் பிளாக்கில் கரண்ட் போய் வந்தது. நெட்வொர்க் மட்டும் வரவில்லை. நான் கன்சோலில் கேபிளைச் செருகினேன். திரை முழுக்க ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி கிறுக்கல். சென்னையிலிருந்து வந்திருந்த சர்வீஸ் இன்ஜினியர் அவசரக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டியே செத்துப் போச்சு சார். யாரோ தப்பா கை வச்சிருக்காங்க" என்றார்.

"கடைசியா கை வச்சது யாரு?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின நாள் கேபிள் மாற்றியது நான்.

"மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்ட் முடியுதுல்ல? முடிஞ்சதாவே இருக்கட்டும்."

பூட்டு சார் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கியது.

"சார், பெட்டி சாகல. நான்தான் ஸ்பீடை மாத்தி வச்சிருக்கேன். எல்லாப் பெட்டியும் 9600 ஸ்பீடுலதான் பேசும், மாறினா கிறுக்கல்தான். திருடனும் 9600-லதான வருவான்? வந்து முழிச்சிகினு நிக்கட்டும்னு..."

அவர் சொன்ன வேகத்துக்கு லேப்டாப்பை மாற்றினேன். கிறுக்கல் போய், தெளிவாக பாஸ்வேர்டு கேட்டது.

அவரே அடிக்க உட்கார்ந்தார். அடிப்பது திரையில் தெரியாது என்ற தைரியம். ஆனால் அவருக்குத் தட்டச்சுக்கு இருப்பது ஒரே விரல். அடுத்த எழுத்து எங்கே என்று அது தேடுவதற்குள் சுவிட்ச் அவரை வெளியே தள்ளியது. மறுபடி முயன்றார். மறுபடி தள்ளியது.

"பத்து செகண்ட்ல தள்ளுது! எவன்யா இப்படி வச்சது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அது அடிக்கட்டும்."

பூட்டு சார் என் காதருகே குனிந்து முணுமுணுத்தார். ஏ.சி. இரைச்சலில் ஒன்றும் விழவில்லை.

"கேக்கல சார்."

"சத்தமா சொல்லுங்கய்யா!"

பூட்டு சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "எம்... ஏ... என்... ஏ... ஜி... இ... ஆர்..."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அட, என்னையா வச்சிருக்கீங்க?"

"இன்னும் முடியல சார்..."

"சீக்கிரம் சார், பத்து செகண்டு!" என்றேன், ஒன்றும் அறியாமல்.

"ஓ, இஸட், ஹெச், ஐ, கே, ஏ."

மேனேஜர் ஒழிக. சுவிட்ச் திறந்துகொண்டது. சர்வீஸ் இன்ஜினியர் வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு இருமத் தொடங்கினார். நான் தலையை நிமிர்த்தாமல், அணைந்து கிடந்த ஒரு போர்ட்டை இரண்டு வரியில் எழுப்பினேன். நெட்வொர்க் வந்தது.

எனக்குக் கான்ட்ராக்டை நீட்டித்தார்கள். அவருக்கு வேறு பிளாக்குக்கு டிரான்ஸ்ஃபர்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன். "ஏம்மா, இங்கயும் ஒரு சுவிட்ச் இருக்குது. பூட்டிட்டேன். பாஸ்வேர்டு சொல்றேன், கேட்டுக்கோ."

"எனக்கு எதுக்கு சார்?"

"நான் மறந்துட்டா? ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல."

மேனேஜர் பக்கத்தில் இல்லாததால் நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவரைப் பற்றி எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். அதை மட்டும் எழுத மாட்டேன்.