பூபதி வரவழைத்த மழை

"ஆடி நோம்பிக்கு எங்கம்மா வாராங்க. அதுக்குள்ள ஒரு குஞ்சாச்சும் பொறக்கோணும். இல்லீன்னா மீன் தொட்டி வெளிய, கட்டில் உள்ள!"

மனைவி சுகுணா சொன்னால் சொன்னதுதான். பூபதி கண்ணாடித் தொட்டியைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார். உள்ளே சுண்டுவிரல் நீளக் கெளுத்திகள், மீசையை ஆட்டியபடி, கட்சி ஊர்வலம் போலக் கூட்டமாய்ப் போய்க் கூட்டமாய்த் திரும்பின. மலைமேல் இந்த வாழவந்தி நாட்டுக்கு மாற்றலாகி வந்த நாள் முதலாய், குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டுவதாக ஆபீஸ் முழுக்க அளந்திருந்தார் மனிதர்.

"மழை பேஞ்சாத்தான் முட்டை போடுமாம் சுகுணா. சில்லுனு தண்ணி மாத்துனா மழைன்னு நம்பிரும்."

"இந்த மலைத் தண்ணிக்கு நானே நடுங்கறேன். அதுக முட்டை போடுமா, தும்மல் போடுமா?"

பாதித் தண்ணீரை இறைத்து, ஊற்றுத் தண்ணீரை ஊற்றினார். கூடம் குளமானது. சுகுணாவின் புதுப் பாய் படகாய் மிதந்தது. அவள் பார்த்த பார்வையில், மறுநாளிலிருந்து பழைய தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பாவாயியின் வாசல் அண்டாவுக்குச் சுமந்தார்.

"ஊத்துங்க சாமி, மொளகுக் கொடிக்கு ஆச்சு" என்றாள் பாவாயி.

முட்டையைக் காணோம். மழை மட்டும் போதாது, இடியும் வேண்டும் என்று தோன்றியது. செல்போனில் இடி முழக்கத்தை உச்சத்தில் வைத்தார். தள்ளியிருக்கும் குண்டனி நாட்டில்கூட மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்! பாவாயி காயப்போட்ட மிளகை அலறியடித்து வாரினாள். வானமோ பளிச்சென்றிருந்தது.

"ஏனுங்க சார், இடி உங்க ஊட்டுக்குள்ளயா உழுகுது?"

போதாக்குறைக்கு, தொட்டிப் பாசியில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாய் ஏதோ அழுக்கு அப்பியிருந்தது.

"அழுக்கு ஊட்டுல யாரு புள்ள பெத்துக்குவா?" என்று அதையும் பிடுங்கித் தண்ணீரோடு அண்டாவில் கொட்டினார். புதுப் பாசி போட்டார். அதிலும் அழுக்கு. அதையும் கொட்டினார்.

நோம்பி வந்தது. மாமியார் வந்தார். கட்டில் உள்ளே போனது. தொட்டி வாசலுக்கு வந்தது.

"மழை ஆச்சு, இடி ஆச்சு. இனி ஜாதகம் பாருங்க" என்றாள் சுகுணா.

பூபதி தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பாவாயி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"இனிமே உங்க தண்ணியே வேண்டாமுங்க சார். அண்டா பூராம் மீசை வெச்ச புழுவா நெளியுதுங்க!"