மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசின கம்பியூட்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, புதுக் கம்பியூட்டருக்குப் பார்ட்ஸ் வாங்க டவுனுக்குப் போனன். அவ்வளவுதான் வேலை.

நான் கல்லடியில கல்யாணப் படம் எடுக்கிற ஆள். ஃபோட்டோ, வீடியோ ரெண்டையும் நானேதான் எடிட் பண்ற. பழைய கம்பியூட்டர் தாலி கட்டுற இடம் வந்தாலே நிண்டிரும். ஐயர் தூக்கின கை தூக்கினபடியே நிப்பார். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் இறக்க மாட்டார்!

மண்டூரில எடுத்த கல்யாண வீடியோ ஒண்டு முடிக்கக் கிடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் கெதியில வெளிநாடு போறாங்க. அதுக்கு முதல் சொந்தக்காரர் எல்லாரும் கூடி இருந்து பாக்கணுமாம். பொண்ணுட அப்பா நாளுக்கு ரெண்டு தரம் ஃபோன் எடுப்பார்.

"தம்பி, வீடியோ?"

"ரெண்டு நாள்ல, ஐயா."

அந்த ரெண்டு நாள் மூண்டு வாரமா ஓடினது. நான் சும்மா இருக்கல்ல. எந்தப் பார்ட்ஸ் நல்லம் எண்டு யூடியூப் பாத்துக்கொண்டு இருந்தன். கடைசியில எனக்கே என்னில ஒரு மரியாதை வந்திட்டு.

கடை காத்தான்குடி முஸ்லிம் அண்ணன் ஒருவர்ட; நானா எண்டுதான் எல்லாரும் கூப்பிடுற. இருபது வருஷமா இதே தொழில். பாவம், அவர் யூடியூப் பாக்கிறதில்ல.

"என்ன வேலைக்குத் தம்பி?"

"ஃபோட்டோ, வீடியோ எடிட்டிங்."

"அப்ப நல்ல புரசஸர் ஒண்டு, ரேம் கொஞ்சம் கூட, கிராபிக்ஸ் கார்ட் இந்த அளவு காணும். முக்கியமா நல்ல மானிட்டர் எடுங்க. நிறம் சரியாக் காட்டணுமே."

நான் சிரிச்சன். எல்.கே.ஜி. பிள்ளையைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி.

"மானிட்டர் வீட்ட கிடக்கு நானா. கார்ட்தான் முக்கியம். அந்தா, மூண்டு ஃபேன் போட்டது, அத எடுங்க."

"அது கேம் விளையாடுற ஆக்களுக்குத் தம்பி."

"எடுங்க நானா."

எல்லாத்தையும் பூட்டுற பெட்டி, கேசிங் மட்டும் சின்னதா, வெள்ளையா, வடிவானதாத் தெரிவு செஞ்சன். மேசைக்கு ஒரு அழகு வேணுமே.

"இதுக்குள்ள அந்தக் கார்ட் போகாது. அளந்து பாப்பமா?"

"கண்ணால பாத்தாத் தெரியாதா?"

நானா அளவு நாடாவத் திருப்பி உள்ள வச்சார். பெட்டிகளக் கட்டித் தந்தார்.

வீட்ட வந்து பாத்தா, கார்ட் போகுதில்ல! நேரா வச்சன். சரிச்சு வச்சன். அலுமாரிய வாசலால ஏத்துற மாதிரித் திருப்பித் திருப்பி வச்சன். மூண்டு விரல் வெளிய நிக்குது.

கடையில மாத்தலாம். ஆனா நானாட முகத்தைப் பாக்கணுமே! முன் வீட்டில தோணி இஞ்சின் திருத்துற அண்ணன் ஒருவர் இருக்கார். அவர்ட கிரைண்டரால கேசிங்ட முன்பக்கத்த வெட்டினம். கார்ட் உள்ள போயிட்டு. மூக்கு மட்டும் வெளிய.

என்ட மனுசி சுதா வந்து பாத்தா.

"இதென்ன, புத்துக்குள்ள இருந்து உடும்பு எட்டிப் பாக்குதா?"

ஆனா கம்பியூட்டர் பறந்தது! ஐயர் கைய இறக்கிட்டார். முகங்கள் மட்டும் பழைய மானிட்டரில கொஞ்சம் நீலமாத் தெரிஞ்சது. கமராப் பிழையாக்கும் எண்டு மஞ்சளக் கூட்டினன். இன்னும் கொஞ்சம் கூட்டினன். நல்ல வடிவு!

"ஃபோனில பாக்க வேற மாதிரி இருக்கே" எண்டா சுதா.

"ஃபோன் பிழை" எண்டன்.

ஞாயிறு பின்னேரம் மண்டூர். பொண்ணு வீட்டு ஹோல் நிறைய சொந்தக்காரர். பெரிய டிவி. பென் டிரைவ நானே பெருமையாக் குத்தினன்.

டிவியில மாப்பிள்ளை மணவறைக்கு வந்தார். மஞ்சள்! வேட்டி மஞ்சள், பல்லு மஞ்சள், கண்ணு ரெண்டும் பழுத்த மாம்பழம். பொண்ணும் மஞ்சள்தான். ஆனா பொண்ணு மஞ்சளா இருந்தா ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க.

பொண்ணுட பெரியம்மா எழும்பினா. ஆஸ்பத்திரியில வேலை செஞ்சு ஓய்வு எடுத்தவ.

"இது செங்கமாரி, மஞ்சள் காமாலை! ஈரல் பழுதான ஆளுக்கா எங்கட பிள்ளையக் குடுத்த?"

மாப்பிள்ளைட தாய் விடுவாவா? "என்ட மகனுக்கு ஒரு வருத்தமும் இல்ல! உங்கட சாப்பாடுதான் ஒத்துக்கல்ல!"

"எங்கட சாப்பாட்டிலயா பிழை?"

பெரியம்மா டிவிக்கு முன்னால இருந்த மாப்பிள்ளைய முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், கண் இமையப் பிரிச்சுப் பாத்தா. "நாக்க நீட்டுங்க மருமகன்." நீட்டினார். ஒராள் மருந்துக்குக் கீழ்க்காய்நெல்லி பிடுங்க ஓடிட்டார். பொண்ணு அழத் தொடங்கிட்டா.

நான் நழுவிரலாம் எண்டு பாத்தன். என்ட பைக்குக்கு முன்னாலதான் மாப்பிள்ளை நாக்க நீட்டிக்கொண்டு நிக்கிறார்!

வேற வழியில்ல. "பெரியம்மா, அவருக்கு ஒண்டும் இல்ல. மானிட்டர் பிழை" எண்டன்.

"மானிட்டரா? அது உடம்பில எங்க இருக்கு?"

கடைசியா வீடியோவ ஓட விட்டு, பெரியம்மா பந்தியில சிரிக்கிற இடத்தில நிப்பாட்டிக் காட்டினன். அவவும் மஞ்சள். ஈரலோட சேத்து என்னையும் திட்டிப்போட்டு இருந்திட்டா.

திங்கள் காலை நானாட கடை. நான் வாயத் திறக்க முதலே, "மானிட்டரா தம்பி?" எண்டார்.

புது மானிட்டர வச்சு ரெண்டு நாள்ல எல்லாத்தையும் திருத்தினன். இந்த முறை உண்மையாவே ரெண்டு நாள்.

வீடியோவ வாங்க மாப்பிள்ளையே வந்தார். முழுக்கப் பாத்தார். கை குடுத்தார்.

"அண்ணன், எங்களுக்குப் பிள்ளை பிறந்தாலும் நீங்கதான் வந்து படம் எடுக்கணும்."

எனக்கு நெஞ்சு நிறைஞ்சிட்டு.

"கறுப்பு வெள்ளையில" எண்டார்.