மாஸ்டரின் பிரேக் கால்

"ஏணியில ஏறச் சொன்னீங்க மச்சான், ஏறினேன். எப்படி இறங்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

போனில் வந்த முனகலைக் கேட்டு மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முனகியவர் அவருடைய தங்கையின் கணவர்; கணக்கு எழுதும் வேலை; பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாதவர். கடல் தாண்டி எங்கோ ஒரு தீவில் தங்கையும் அவரும் குடியிருந்தார்கள். ஒரே ஒரு பாலம்தான் அந்தத் தீவை மற்ற நிலத்தோடு சேர்த்து வைத்திருந்தது. இப்போது ஒரு சூறாவளி அந்தத் தீவைக் குறி பார்த்து வந்துகொண்டிருந்தது. ஸ்கூல் ஆபீஸ் டிவியில் காலையிலிருந்து அதுதான் நேரலை. அதைப் பார்த்துவிட்டு, "ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிங்க மாப்பிள்ளை, சும்மா உக்காந்திருந்தா எப்படி?" என்று விரட்டியது மாஸ்டரேதான்.

"எந்தக் கை?"

"வலது. மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டாங்க."

"அப்ப காரை யாரு எடுக்கறது?"

"அதான் மச்சான் நானும் யோசிக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. யோசிப்பதற்குக் கை தேவையில்லை என்பதால் அதை மட்டும் நிம்மதியாகச் செய்துகொண்டிருந்தார் போலிருக்கிறது.

டிவியில் வெள்ளைச் சுழல் ஒன்று வரைபடத்தின் மேல் ஊர்ந்தது. தீவில் உள்ளவர்கள் உடனே பாலத்தைக் கடந்துவிட வேண்டும், காற்று இன்னும் ஏறினால் பாலத்தை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு அங்கே இருப்பவர்களுக்கு யாரும் உதவிக்கு வர முடியாது என்று செய்தி வாசிப்பவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

அந்தக் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் தடுமாறினால் அவர் கால் பாய்ந்து வண்டியைப் பிடித்துவிடும். பல வருஷப் பழக்கத்தில் அந்தக் கால் மூளையைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும், சினிமாவில் கார் வேகமாக வந்தாலும் மிதிக்கும். வீட்டுச் சோபாவுக்கு முன்னால் விரிப்பு ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. இன்று ஒரு புயலையே நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி எங்க? அவகிட்ட போனைக் குடுங்க."

"பக்கத்து முதியோர் இல்லத்துல இருக்கா. நர்ஸ் வேலையாச்சே, பெரியவங்களை விட்டுட்டு வர மாட்டேங்கறா."

மாஸ்டர் தங்கையைக் கூப்பிட்டார். நல்லவேளை, எடுத்தாள்.

"அண்ணா, பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தப் பாப்ப? காத்து என்ன வேகத்துல வருதுன்னு தெரியுமா?"

"தெரியும்ணா. இங்கதானே வருது."

"சிரிக்காதே. நான் ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் இல்லத்துக்குள்ளேயே இரு. என்ன ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொட்டுடாதே!"

அவள் மறுபடியும் சிரித்தது போலக் கேட்டது. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் ரசீது போட்டுக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கே அவளுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா இப்ப இந்தத் தவிப்பு உண்டா?"

"யாருக்கு? அவளுக்கா? போர்டைப் போய்ப் பாரு!"

வாசலில் இருந்த போர்டில் 'எங்களிடம் பயின்று தோற்றவர் எவருமில்லை' என்று எழுதியிருந்தது. 'எவருமில்லை' என்ற இடம் மட்டும் உள்ளே நசுங்கியிருந்தது. தங்கை முதல் நாள் ஸ்கூல் காரை எடுத்தபோது நசுங்கியது. அன்றே மாஸ்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, உனக்கும் வண்டிக்கும் ஜன்மத்துக்கும் ஆகாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனால் அவரை விட்டால் அவளுக்கு வீட்டில் யாருமில்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் கார் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். முன்னால் யாரோ ஒருவருக்கு மாஸ்டர் கத்திக் கத்திப் பாடம் எடுப்பார், பின்னால் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். கல்யாணமாகிப் போகும்வரை அப்படித்தான். அவர் கையில் வளர்ந்தவள். அவளுக்கு ஒன்று என்றால் அவரால் தாங்க முடியாது.

"மாஸ்டர், நம்ம ஸ்டூடண்ட் யாராவது அந்தப் பக்கம் இல்லையா?" என்று கேட்டது அன்றைய வகுப்புக்கு வந்திருந்த பல் டாக்டரம்மா. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் தந்தியடிக்கும். இன்று வகுப்பு நடக்காது என்று தெரிந்ததும் நிம்மதியாக நாற்காலியை டிவிக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. உலகத்தில் எந்த மூலையில்தான் அவர் மாணவர்கள் இல்லை? அந்தப் பாலத்துக்கு வெளியே, மறுகரையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவனுக்குப் பட்டப்பெயர் ஹாரன். காலி மைதானத்திலும் ஹாரன் அடிப்பான். அவனைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர் சொல்லி மாட்டேன்னு சொல்வேனா? இதோ கிளம்பிட்டேன்" என்றான் அவன்.

மாஸ்டர் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். "பாத்தியா? இதான் என் ஸ்கூல்."

அதோடு விட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, எங்கே வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொண்டது. போன் போட்டார்.

"மாஸ்டர், தீவுக்குள்ள வந்துட்டேன். நீங்க கூப்பிட்டீங்க, வண்டியை நிறுத்திட்டு எடுத்தேன்."

"சபாஷ். எங்க நிறுத்தியிருக்க?"

"தண்ணியில."

மாஸ்டரின் கால் தரையை மிதித்தது. "தண்ணியில ஏன்டா நிறுத்தின?"

"வண்டி ஓடறப்ப போன் பேசினா காதைத் திருகிடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது மாஸ்டர். ஹாரனும் அடிக்க மாட்டேங்குது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

"இறங்கி மேட்டுப் பக்கம் போய் நில்லு. அடுத்த ஆளை அனுப்பறேன்."

அடுத்த ஆள் ரிவர்ஸ். முன்னால் ஓட்டச் சொன்னால் வேர்த்துவிடும். பின்னால் எடுக்கச் சொன்னால் ஊசியில் நூல் கோப்பது போலக் கோத்துவிடுவான். மாஸ்டர் கூப்பிட்டபோது அவன் பாலத்துக்கு அருகில்தான் இருந்தான்.

"மாஸ்டர், இப்ப பாலத்துல எல்லா வழியும் வெளிய வர்ற வழியாக்கிட்டாங்க. உள்ள யாரையும் விடமாட்டேங்கறாங்களே."

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று மனைவிக்குத் தெரியும்.

"டேய், வண்டி மூஞ்சி வெளிய பாத்து இருக்கட்டும். ரிவர்ஸ்ல உள்ள போ!"

"ஏங்க!" என்றாள் மனைவி.

"சும்மா இரு. வேற யாராலயும் முடியாது. அவனால முடியும்."

முடியவும் செய்தது. பாலம் முழுவதையும் அவன் பின்பக்கமாகவே கடந்துவிட்டான். பிறகு அவனே கூப்பிட்டான்.

"தாண்டிட்டேன் மாஸ்டர்! ஆனா இந்தப் பக்கம் போலீஸ் பிடிச்சிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"முன்னால போன்னு சொன்னாரு. முன்னால போனேன். கம்பத்துல இடிச்சிட்டேன்."

பல் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். மாஸ்டரின் மனைவி ரசீதுப் புத்தகத்தை மூடினாள். "இன்னும் ரெண்டு பேரை அனுப்புங்க. தீவு முழுக்க நம்ம ஸ்டூடண்ட்ஸ்தான் இருப்பாங்க."

மாஸ்டர் மறுபடியும் தங்கையைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மாப்பிள்ளையின் போனோ மணிகூட அடிக்கவில்லை. மறுபடி தங்கை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் மனைவியின் கேலியும் நின்றுபோயிற்று. எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எடுப்பா. கைவேலையா இருப்பா" என்றாள்.

"எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன். ஏணியில ஏறுங்கன்னு சொன்னது நான். ஆள் அனுப்பறேன், உள்ளேயே இருன்னு சொன்னதும் நான்."

டிவியில் இப்போது பாலத்துக் கேமராவின் காட்சி. தீவிலிருந்து பாலத்துக்கு ஏறும் சாலையில் கடல்நீர் புகுந்திருந்தது. தண்ணீருக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. முதலில் நின்ற கார் இறங்கப் பயந்தது. அது நின்றதால் மற்ற எல்லாமும் நின்றன. மழை பக்கவாட்டில் அடித்தது. இன்னும் சில நிமிஷங்களில் பாலம் மூடப்படும் என்றார் செய்தி வாசிப்பவர்.

அப்போது வரிசையின் பின்னாலிருந்து ஒரு பழைய வேன் ஓரமாக விலகி முன்னால் வந்தது. அதன் பின்கதவு சரியாக மூடவில்லை போல. சிவப்புப் போர்வை ஒன்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"யார்ரா இவன்?" என்று மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

வேன் தண்ணீருக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

"முதல் கியர்" என்றார் மாஸ்டர் தன்னை அறியாமல். "விடாதே. காலை எடுக்காதே. ஒரே சீரா போ. தண்ணியில இறங்கினா நிக்கக் கூடாது, கியர் மாத்தக் கூடாது, பயப்படக் கூடாது. பாருங்க டாக்டரம்மா, நல்லா பாருங்க! இதான் டிரைவிங்!"

வேனின் பாதிச் சக்கரம் மூழ்கியது. ஒரு காற்று வந்து அதை இடித்தது. வேன் ஒரு பக்கமாகத் தள்ளாடியது.

"ஸ்டியரிங்கோட சண்டை போடாதே! விட்டுப் பிடி... விட்டுப் பிடி... ஆ! பிடிச்சிட்டான்!"

வேன் நேராகி மேலே ஏறியது. அது கிழித்துப் போன வழியில் முதல் கார் துணிந்து இறங்கியது. அதன் பின்னால் அடுத்தது. அதன் பின்னால் இன்னொன்று. கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போல வரிசை முழுவதும் பாலத்தில் ஏறிவிட்டது. செய்தி வாசிப்பவரே வேலையை மறந்து கைதட்டினார். ஆபீஸிலும் கைதட்டினார்கள். மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது.

"யார் பெத்த பிள்ளையோ! நல்ல மாஸ்டர்கிட்ட பழகியிருக்கான். என் ஸ்கூல்ல படிச்ச மாதிரியே ஓட்டறான். அவன் மட்டும் என் முன்னால வந்து நின்னா, என் சீட்டை அவனுக்குக் குடுத்துட்டு எழுந்துடுவேன்."

பல் டாக்டர் வேனைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், புயலுக்குக்கூட பிரேக் போட்டீங்க. இந்த வேனுக்கு மட்டும் உங்க கால் அசையவே இல்லையே?"

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அது சாதுவாகத் தரையில் கிடந்தது. ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை.

கடைசிக் காரும் கடந்தபின் பாலத்தை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் கேமரா இருண்டது. சூறாவளி கரையைக் கடக்கத் தொடங்கிவிட்டது என்று கொட்டை எழுத்தில் வந்தது. மாஸ்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடவும் தைரியமில்லாமல் கீழே வைக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

போன் அதுவாக அடித்தது. புது எண்.

"மச்சான், நான்தான். என் போன் தண்ணியில விழுந்துடுச்சு. எல்லாரும் பாலம் தாண்டி வந்துட்டோம். மேட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கோம்."

மாஸ்டர் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி?"

"இங்கதான் இருக்கா. இல்லத்துப் பெரியவங்களைக் கைத்தாங்கலா இறக்கிட்டிருக்கா. எல்லாரையும் இல்லத்து வேன்லயே ஏத்திட்டு வந்துட்டோம். வழியில உங்க ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர் நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க, அவங்களையும் அள்ளிப் போட்டுக்கிட்டோம். ஒரே நெருக்கம் மச்சான். பின்கதவு மூடவே இல்ல, போர்வையால கட்டினோம்."

"சிவப்புப் போர்வையா?" என்று கத்தினார் மாஸ்டர். "அந்த வேனா? அதுலயா வந்தீங்க? டிவியில பாத்தோமய்யா! அந்த டிரைவர்கிட்ட போனைக் குடுங்க மாப்பிள்ளை, கால்ல விழறேன். அதுக்கு முன்னால என் தங்கச்சிகிட்ட குடுங்க, அவளை நாலு வாங்கு வாங்கணும். இங்க ஒருத்தன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், அவ ஒரு தடவையாவது போனை எடுத்தாளா?"

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார்.

"எப்படி மச்சான் எடுப்பா? வண்டி ஓட்டறப்ப யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானாமே!"