சொல்லாமல் வரும் வண்டி

போடிநாயக்கனூர்,
ஹேவிளம்பி வருஷம், ஐப்பசி 20.

மதுரையில் குடியிருக்கும் அருமை மாப்பிள்ளை தவசி அவர்களுக்கு, மாமனார் ஒச்சப்பன் அன்புடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் அத்தை வேலுத்தாயும், என் இடது முழங்காலைத் தவிர மற்றெல்லாமும் சுகம். அங்கே நீங்களும் மகள் சந்திரவல்லியும் சுகமாக இருப்பதற்குச் சாமி துணை இருக்கட்டும். இந்தக் கடிதத்தை உங்கள் பஸ் பட்டறையில் வைத்தே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடவும். சந்திரவல்லி கண்ணில் பட வேண்டாம். பட்டால் அவள் உடனே அம்மாவுக்குக் கடிதம் போடுவாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே என்னைப் பற்றிய அந்தக் கோள் கடிதத்தை நானே அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டிவரும்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் வாங்கிக் கொடுத்த சின்ன வண்டியைப் பற்றியது. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. என் பழைய வண்டியின் பெருமை உங்களுக்குத் தெரியாததல்ல. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் தங்கள் மோட்டார் சைக்கிள்களை ஏலம் விட்டபோது எடுத்தது. ஏலத்தில் எடுத்து, பதினோரு வருஷம் ஏலத்துக்காகவே மலை ஏறிய வண்டி. ஏலத்தோட்டத்துச் சூப்பர்வைசர் என்றால் யாரென்று கேட்பவர்கள்கூட அந்த வண்டிக்காரர் என்றால் எழுந்து நிற்பார்கள். அது போன ஆவணியில் என்னைக் கவிழ்த்தது. தோட்டத்திலிருந்து பொழுது சாய இறங்கி வரும்போது, மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே மூன்றாம் வளைவு தாண்டி, இரண்டாம் வளைவு வருமுன் மழை ஈரத்தில் சறுக்கி, வண்டி என் மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. எனக்கு வயது அறுபத்திரண்டு. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். தொண்டை வறளக் கத்திப் பார்த்தேன், குரங்குகள்தான் வந்து பார்த்துவிட்டுப் போயின. அப்புறம் யார் சொல்லி வந்தார்களோ, கீழேயிருந்து சரியாக நாலு பேர் அரிக்கேன் விளக்கோடு ஏறிவந்து தூக்கினார்கள். கருப்பசாமிதான் அனுப்பினார் என்று நம்பி, அவருக்கு ஒரு சேவலும் செலுத்திவிட்டேன். சேவலை நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் அதற்குச் சோலி இருக்கிறது.

அதன்பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததே. வயசுக்கேற்ற வண்டி, இல்லாவிட்டால் வண்டியே இல்லை என்று உங்கள் அத்தை ஒரே போடாகப் போட்டாள். நீங்கள் வந்து பழையதைத் தேவாரம் ஜக்கையனுக்குத் தள்ளிவிட்டு, சின்ன வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். இதிலிருந்தும் ஒரு தடவை விழுந்தால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். வீட்டோடு உட்கார்ந்தால் நான் ஒரு வருஷம் தாங்க மாட்டேன், மாப்பிள்ளை. ஆகையால் விழாமல் இருப்பதுதான் இப்போது எனக்கு முழுநேர உத்தியோகம்.

முதல் நாள். பழைய வண்டியை உதைக்கிற அதே உதையை இதை உதைத்தேன். வண்டி தாண்டிக் குதித்து முருங்கை மரத்தடியில் போய் நின்றது. விழவில்லை, குறித்துக்கொள்ளவும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும் என்று எழுதினீர்கள், என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. அடுப்படியில் கேட்டேன். நல்லெண்ணெய் உங்க தலைக்கு, விளக்கெண்ணெய் வயித்துக்கு, இதுக்குக் கடலை எண்ணெய் போதும் என்று வேலுத்தாய் அரைப்படி எடுத்துக் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. ஆனால் போகிற வழியெல்லாம் வடை வாசம். முந்தல் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்து, எந்தக் கடையில் போடுகிறான் என்று நாலாபக்கமும் மோப்பம் பிடித்தார்கள். இரண்டு நாய்கள் நாலாம் வளைவு வரைக்கும் கூடவே வந்து, ஒன்றும் கிடைக்காமல் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பின.

மலை உச்சியில், கேரள எல்லை மேட்டுச் சாவடியில் காவல் நிற்கிற குட்டப்பனை உங்களுக்குத் தெரியும். பழைய வண்டி நாலு வளைவு கீழே வரும்போதே சத்தத்தைக் கேட்டு ரோட்டுக் குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிடுவார், நானும் பதினோரு வருஷமாக அங்கே நிறுத்தியதே இல்லை. அந்தப் பழக்கத்தில் கடைசி வளைவைத் திரும்பினால், கம்பம் கிடந்தபடி கிடக்கிறது, குட்டப்பன் முகத்துக்குச் சோப்புப் போட்டுச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பிரேக்கைப் பிடித்துக் குனிந்தேன். நானும் வண்டியும் அடியில் போய்விட்டோம், தலைப்பாகை கம்பத்தோடு நின்றுவிட்டது. பதறிப்போன குட்டப்பன் அப்போதுதான் கம்பத்தைத் தூக்க, தலைப்பாகை மேலே ஏறிக் காற்றில் பறக்கிறது. பின்னால் வந்த பஸ்சில் இருந்தவர்கள் இது எந்தக் கட்சிக் கொடி என்று கேட்டார்கள். அதற்கு மேல் மேட்டுக் காற்று வேறு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளவே, தோட்டத்துக்குப் போகாமலே திரும்பிவிட்டேன். ஊருக்குள் நுழையும்போது ரோட்டோரப் புளியமரத்தடியில் வேலுத்தாய் நிற்கிறாள். என்னவென்று கேட்டால் ஆட்டைத் தேடி வந்தாளாம். நம் வீட்டில் ஆடு கிடையாது என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சோறு இன்னும் வடிக்கவில்லை.

இரண்டாம் நாள், காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று ஒரு சாக்கில் ஆற்று மணலை நிரப்பிப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் யோசித்துச் செய்த காரியங்களில் இது ஒன்று. வண்டி அசையாமல் போனது. ஆனால் சாவடியில் மூட்டை என்று கண்டால் குத்திப் பார்ப்பது வழக்கமாம். குட்டப்பன் குத்தூசியை விட்டு எடுத்தார், கையில் ஏந்திப் பார்த்தார், மோந்து பார்த்தார். பதினேழு வளைவு ஏற்றி மலைக்கு மணல் கொண்டுபோகிற மனுசனை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எந்தா அண்ணே, மணலோ? இவிட மணல் இல்லையோ?" என்றார்.

பாரத்துக்கு என்றேன். பாரம் வேணுமென்றால் பழைய வண்டியை ஏன் விற்றீர்கள் என்று அவர் கேட்க, நான் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். இதிலே என்ன கூத்தென்றால், குத்தின ஓட்டையை அவரும் அடைக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் மணல் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பாரம் குறையக் குறைய வண்டியின் சத்தமும் குறைந்து, தோட்டத்துக்குள் நான் நுழைந்தது காற்று நுழைந்த மாதிரி ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அங்கே காய் எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுப்புத்தாய். அவள் தலையில் கூடையைக் கவிழ்த்து, அதுதான் என் தலைப்பாகை, இடது காலை இழுத்து இழுத்து நடந்து, அதுதான் என் முழங்கால், "ஏத்தா, பழுத்த காயப் பாத்து எடுங்க, கண்ண எங்க வச்சிருக்கீக" என்று என் தொண்டையிலேயே பேசுகிறாள். மாப்பிள்ளை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு அச்சாக இருந்தது. நானும் ஓரமாக நின்று சிரித்துவிட்டேன். சிரிப்பில் ஒரு ஆம்பிளைக் குரல் கலந்ததும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்து ஏலச்செடிக்குள் சிதறினார்கள். சுப்புத்தாய் மட்டும் நின்றாள். கூடையை எடுக்கவும் மறந்துபோனாள். ஆனால் வாய் மறக்கவில்லை.

"அந்த வண்டி வந்தா நாங்க எந்திரிச்சுருவோம்ண்ணே. இது சொல்லாமக் கொள்ளாம வருது. ஒரு இருமல் கூட இல்லாம ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா நல்லாவா இருக்கு?"

நியாயம்தானே. அன்று சாயங்காலமும் புளியமரத்தடியில் வேலுத்தாய் நின்றாள். அன்றைக்கு விறகு பொறுக்க வந்தாளாம். கையில் ஒரு சுள்ளி இருந்தது, ஒன்றே ஒன்று. அன்றைக்கும் சுடுசோறு இல்லை.

இதற்குமேல் மானம் பொறுக்காமல் மூன்றாம் நாள் பஸ்சு ஏறித் தேவாரம் போனேன், பழைய வண்டியைத் திரும்பக் கேட்பதற்கு. அங்கே ஜக்கையன் அதை என்ன செய்து வைத்திருக்கிறார் தெரியுமா? சோளக்காட்டு நடுவில் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைச் சங்கிலியால் மரத்தில் கட்டி, நிறுத்தி வைத்திருக்கிறார். ஆனை சோளத்தில் இறங்காமல் இருக்க, ராத்திரி ராத்திரி ஏறி உட்கார்ந்து சத்தத்துக்காக முறுக்குகிறாராம். வாங்கின நாளிலிருந்து ஒரு அடி ஓட்டியதில்லை, ஒரு ஆனையும் வந்ததில்லை. மலையேறிய வண்டிக்கு இந்தக் கதியா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ, நீங்க ஓட்டுறதுக்கு வச்சிருந்தீகளாக்கும் என்று ஆச்சரியப்படுகிறார். என்ன சொல்லியும் மனிதர் மசியவில்லை.

வந்த எரிச்சலை வீட்டில் காட்டினேன். இரண்டு நாளாகச் சுடுசோறு கண்ணில் காணோமே, முப்பத்தைந்து வருஷமாக நான் கை கழுவும் நேரத்துக்குச் சோறு வடிகிற வீடு இது, என்ன வந்தது உனக்கு என்று கத்திவிட்டேன். உங்கள் அத்தை பதிலுக்குக் கத்தியிருந்தால் பரவாயில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பழைய வண்டி வந்த நாளா, மூணாம் வளைவுல சத்தங் கேக்கவும் ஒலைய வப்பேன். கொதிக்கயில நீங்க வந்துருவீக. ஆவணி மாசம் ஒல கொதிச்சு, வத்தி, சட்டி கருகுச்சு. அப்பத்தான் நாலு பேரைப் புடிச்சு மலைக்கு அனுப்புனேன். இப்ப நீங்க வர்றதும் தெரியல, விழுகுறதும் தெரியல. நான் எத வச்சு ஒல வக்கிறது?"

யோசித்துப் பாருங்கள், மாப்பிள்ளை. கருப்பசாமிக்குப் போன சேவல் வேலுத்தாய்க்குப் போயிருக்க வேண்டியது. சத்தம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம், இவள் நான் உயிரோடு இருக்கிறேனா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டைத் தேடியதும் சுள்ளி பொறுக்கியதும் அதற்குத்தான். மழையில் நனைந்துகொண்டு அந்தப் புளியமரத்தடியில் இனி ஒரு நாள்கூட அவள் நிற்கக் கூடாது.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் வெரசாகப் புறப்பட்டு வந்து, ஜக்கையனிடம் நயமாகப் பேசி, ஆனைக்கு வெடியோ தகரடப்பாவோ ஏற்பாடு செய்து கொடுத்து, என் பழைய வண்டியை மீட்டுத் தரவும். சின்ன வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளவும். பழையது விழுந்து என் கால் போனாலும் சரி, சத்தம் வேண்டும். உங்களுக்கும் சந்திரவல்லிக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பிள்ளை குட்டியோடு, சூடான சோறு தின்று நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ஒச்சப்பன்

பி.கு.: இதை எழுதித் தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்து நாலு நாள் ஆகிறது. மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். புறப்பட்டு விட்டிருந்தால் திரும்பிப் போய்விடவும். எழுதிய மறுநாள் காலையில் மணல் சாக்கைக் கட்டப் போனேன், அந்த இடத்தில் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கிட்டே கெடக்குறதுக்குக் கூடவே வந்துர்றேன் என்றாள். பழைய வண்டியைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவள், இது உயரம் குறைவு என்று கயிற்றுக்கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். மேட்டுக் காற்று எங்களை அசைக்கவில்லை. ஏழாம் வளைவில் வண்டி திணறியதால் இறங்கச் சொன்னேன், இறங்கி நடந்து எனக்கு முன்னால் எட்டாம் வளைவில் போய் நிற்கிறாள். பழைய வண்டிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது, இதில் எல்லாம் கேட்கிறது. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்ல விட்டுப்போனது அத்தனையையும் ஏறும்போது சொல்கிறாள், நான் ஒழுங்காகக் கேட்டேனா என்று இறங்கும்போது மறுபடி சொல்கிறாள். நாலு வளைவு கீழே இருக்கும்போதே அவள் குரலைக் கேட்டுக் குட்டப்பன் கம்பத்தைத் தூக்கிவிடுகிறார். தோட்டத்தில் பெண்கள் எழுந்து நின்று காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உலை வைக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. காலையில் போட்டு வைத்த பழைய சோறுதான் ராத்திரி இருவருக்கும். பழைய சோறு போதும், மாப்பிள்ளை. பழைய வண்டி வேண்டாம்.